தன்மைப் பன்மை

அந்த வீட்டு வாசலில் நான் போய் இறங்கியது நல்ல பகல் வேளையில். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் ஒரு குளிர். சன்னல்களை அடைத்துக் கறுப்புத் திரை தொங்கவிட்டிருந்தார் ஆய்வாளர். ஒலிப்பதிவுகளைக் கேட்க அமைதி வேண்டுமாம்.

காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் ஈராண்டு தங்கி, அம்மக்களின் வாழ்வைப் பற்றி அவர் நூல் எழுதியிருந்தார். அதற்கு மெய்ப்புப் பார்க்க என்னை அழைத்திருந்தார். இலக்கணம் நடத்தியே தலை நரைத்தவன் நான். ஒற்றுப்பிழைகளைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. "இம்மக்களின் துக்கம் ஆழமற்றது, பிணத்தைப் புதைத்த மறுநாளே வேலைக்குச் சென்றுவிடுகின்றனர்."

மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பது இந்த மனிதருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ஈராண்டு அந்த அடுப்புச் சோற்றைத்தானே தின்றார்?

அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன்.

"எழுத்துப்பிழை பாக்கறதோட நிறுத்திக்குங்க சார்," என்றார்.

"இது எழுத்துல இருக்கற பிழை இல்லதான். எழுதுனவர்கிட்ட இருக்கற பிழை."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவள். அவளுடைய தாயின் குரலைப் பதிவுசெய்து, அதை வைத்துத்தான் நூலின் பாதியை அவர் எழுதியிருந்தார். தாய் அண்மையில் இறந்துபோயிருந்தாள்.

"அம்மா போனதும் குரலை அழிச்சிடறேன்னு அவங்க கையைப் பிடிச்சுச் சொன்னீங்களே சார்."

"சொன்னேம்மா. ஆனா இது ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

"நீங்க இங்க போட்டுக் கேக்கறப்பல்லாம் அங்க அம்மா படுத்திருந்த பாய் சூடாகுது. போகவும் முடியல, இருக்கவும் முடியல அவங்களுக்கு. என் வீட்டுக்காரர் அந்த அறையில படுக்கவே மாட்டேங்கறாரு."

"காய்ச்சல் பாய்க்கா, உனக்கா?" என்று சிரித்தார்.

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "வாக்குக் குடுத்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்களே கேளுங்க சார். இவ்வளவு தெளிவான பதிவை அழிக்க யாருக்காவது மனசு வருமா?"

ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினார். முதலில் அவருடைய குரலே கேட்டது.

"இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

ஒரு நீண்ட மூச்சு. பிறகு, வறண்ட தொண்டையிலிருந்து ஒரு முதியவளின் குரல்.

"நாமதான்."

நான் மெய்ப்புத் தாளைப் பார்த்தேன். "நாங்கள்தாம்" என்றிருந்தது.

"நாங்கன்னா, கேக்கறவரை விட்டுட்டு. நாமன்னா, கேக்கறவரையும் சேத்து. சின்னப் பிள்ளைங்க பாடம் சார் இது. ஆராய்ச்சி பண்ணப் போனவருக்கு இதுகூடத் தெரியல."

அவருடைய சிரிப்பு மெல்ல வடிந்தது. "எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் சார். நாங்கதான்னுதான் இருந்துச்சு."

"ஆமா," என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில். "அன்னிக்குப் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். நாங்கதான்னு என் தோள்ல கை வெச்சுச் சொன்னாங்க."



ஆய்வாளர் மறுபடியும் அழுத்தினார்.

கேள்வி வந்தது.

மூச்சு வந்தது.

ஈர விறகு புகையும் நெடி அறையில் பரவியது.

"நாமதான்."

இம்முறை அது கருவியிலிருந்து வரவில்லை. அவருடைய நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அழிங்க அதை," என்றேன்.

"புத்தகம் போயிடும் சார்," என்று முனகினார். அந்நேரத்திலும் அவருக்குப் புத்தகம்தான். கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கி, பதிவை நானே அழித்தேன்.

பெண்ணின் கைப்பேசி ஒலித்தது. அவளுடைய கணவன். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய் சில்லுன்னு ஆயிடுச்சாம். அம்மா எங்க வீட்டுல இல்ல சார்."

படியிறங்கப் போனவள் நின்று எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி அன்று, இரக்கம்.

"ஒரு வாய்ச் சோறு கூடுதலா ஆக்குங்க சார். அம்மா பசி தாங்கமாட்டாங்க."

யாரிடம் சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மெய்ப்புத் தாள்களை அவருடைய மேசையில் எறிந்துவிட்டு வெளியேறினேன். கோபத்தினால்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருமுனையில் ஒரு வாடகை வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க சார் போகணும்?"

"நாம வீட்டுக்குப் போகணும்."

ஓட்டுநர் சிரித்தபடி திரும்பினார். "நாமளா? என்னையும் சேத்தா சார் சொல்றீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாப்பா," என்றது வாய்.