சாணை பிடித்த அருவாள்

ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் கொல்லையில், தென்மேற்கு மூலையில், மண்ணில் செங்குத்தாக நட்டிருந்த அந்த அருவாளில் ஒரு பொட்டுத் துரு இல்லை. வசந்தகுமார் அதைக் கவனிக்கத்தான் செய்தான். கவனித்துவிட்டு, அருவாள் வாங்குகிற அலைச்சல் மிச்சம் என்று பிடுங்கிக்கொண்டான். அவனுக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

கோயில் வாசலில் நட்டிருந்தால் கிட்டேயே போயிருக்க மாட்டான். கருப்பருக்கு நேர்ந்துவிட்ட அருவாள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் இங்கே கல் இல்லை, விளக்கு இல்லை, ஒரு சிட்டிகை குங்குமம் இல்லை. முன்பு இருந்தவர்கள் விறகு வெட்டிவிட்டு மறந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தான்.

கொல்லை வேலை என்றாலே அவனுக்கு எட்டிக்காய். தினமும் கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்கு ஆபீஸ் போய் வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நாற்காலியும் பேப்பரும்தான். டவுனில் ஒரு மாடி போர்ஷன் போதும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். பிள்ளை ஓடியாட மண் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இந்த வீட்டை வாங்க வைத்தவள் அவன் மனைவி கலைமதி. அவளுக்கு இது ஏழாம் மாதம். புதன்கிழமை வளைகாப்பு, கொல்லையில்தான் பந்தல். எருக்கும் நெருஞ்சியும் இடுப்புக்கு நின்றன. "நாளைக்கு வாரேன் சார்" என்று இரண்டு வாரமாகச் சொன்ன கூலியாள் இப்போது போனையே எடுப்பதில்லை. எடுப்பானா, பாவி!

காலையில் தெருவோடு போன சாணைக்காரரை நிறுத்தினான். வெளியூர்க்காரர். சைக்கிள் மிதியை மிதித்து, பொறி பறக்கத் தீட்டினார். மிதிப்பதை நிறுத்தி, சக்கரமும் நின்ற பிறகு, இரும்பு மட்டும் அவர் கையில் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. அவர் அருவாளைத் தரையில் போட்டுவிட்டு, கூலிகூட வாங்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினான். இறுகிக் கிடந்த செம்மண் இளக வேண்டும் என்று ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டான். சூடேறிய மண்ணில் தண்ணீர் பட்டு ஆவி கிளம்ப, எருக்கம்பாலின் கசப்பு நெடியும், சமையலறையிலிருந்து முறுக்குக்குப் பொட்டுக்கடலை அரைபடும் மிக்ஸிச் சத்தமும், வெட்டு விழும் ஒவ்வொரு முறையும் தண்டு முறிவதற்கு முன்பே கேட்கிற அந்த இரைச்சலும் சேர்ந்து அவன் காதுக்குள் ஒன்றாகிக்கொண்டிருந்தன. கை வலிக்கவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எருக்கில் ஒரு ஓணான் இருந்தது. தண்ணீர் அதன்மேல் தெறித்தது. அது தலையைச் சிலுப்பியது. அடுத்த நொடி தலை தனியாக மண்ணில் கிடந்து வாயை மூடித் திறந்தது. சே, தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்தான்.

ஈர மண்ணில் புழு கொத்த வேலிச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழி வந்தது. அதன்மேலும் தண்ணீர் தெறித்தது. இறக்கையைப் பரப்பி உடம்பைச் சிலுப்பியது. இந்தமுறை கை இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். நிறுத்த நினைத்தான். கை கேட்கவில்லை. தலையில்லாத கோழி அவன் காலைச் சுற்றி ஓடி, பாதம் முழுக்க ரத்தம் பீய்ச்சிவிட்டுச் சாய்ந்தது.

"அடப்பாவி தம்பி! என் கோழி!" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழகம்மாள் கத்தினாள். பிறகு அருவாளைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அத எங்கேருந்து எடுத்தீங்க?"

"அந்த மூலையிலக்கா."

"அய்யோ... கருப்பருக்கு நட்டதாச்சே அது. தீட்டுனீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"நட்ட அருவாளத் தீட்டக்கூடாது தம்பி. தீட்டிப்புட்டா அதுக்கு வெட்டுக் குடுத்தாகணும். கீழ போடுங்க மொதல்ல!"

போட முடியவில்லை. விரல்கள் பிடியோடு பிடியாக இறுகியிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாக நெம்பினான். ஆட்காட்டி விரலின் நகம் பெயர்ந்து வந்ததே தவிர விரல் வரவில்லை.

"இருங்க, இருங்க. கெடா வச்சிருக்கேன். ஒண்ணு குடுத்தா அடங்கிரும்." அழகம்மாள் ஓடினாள். புண்ணியவதி, கோழியைக் கொன்றவனுக்குக் கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். திருவிழாவில் அவன் எத்தனையோ முறை பார்த்ததுதான். கிடாய் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாயை யாரும் வெட்டுவதில்லை.

கிடாய் சிலுப்பவில்லை.

இன்னொரு செம்பு ஊற்றினாள். காதில் ஊற்றினாள். முதுகில் ஊற்றினாள். சொட்டச் சொட்ட நனைந்த கிடாய், கல்லில் செதுக்கியதுபோல் நின்று, அவனைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அழகம்மாளின் கையிலிருந்து செம்பு விழுந்தது. "இது கெடாவுக்கு வரல தம்பி." பின்வாங்கினாள். "மாசமா இருக்க அந்தப் புள்ளய வெளிய வர விடாதீங்க. தண்ணி படவிடாதீங்க." கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள்.

"கலை! கதவச் சாத்து! தாப்பாப் போடு!" தொண்டை கிழியக் கத்தினான். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

வலது மணிக்கட்டைத் துவைக்கிற கல்லில் வைத்தான். இடது கையில் ஒரு செங்கல்லை எடுத்தான். அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தான். தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே வந்தது. கத்திக்கொண்டே மூன்றாம் முறையும் அடித்தான். செங்கல் உடைந்தது. தொங்கவேண்டிய கை, அருவாளோடு, மெல்ல நிமிர்ந்தது.

மிக்ஸி நின்றது.

"என்னங்க? கூப்பிட்டீங்களா?"

"வராத!"

வந்துவிட்டாள். அவன் சட்டையெல்லாம் ரத்தம். பாதமெல்லாம் ரத்தம். கை பிளந்து கிடக்கிறது. எந்தப் பெண்டாட்டி நிற்பாள்? "ஆத்தாடி, வெட்டிக்கிட்டீங்களா!" வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். வருகிற வழியில், மண்ணில் கிடந்த ஹோஸ் பைப்பைக் காயத்தைக் கழுவ எடுத்தாள்.

"அதப் போடு கலை! ஒன்னக் கும்பிடுறேன், போடு!"

"பேசாம கையக் காட்டுங்க." பைப்பைத் திருப்பினாள். அவன் தட்டிவிட்டான். இடது கையால்தான் தட்டினான், அவளைக் காப்பாற்றத்தான் தட்டினான். பைப் துள்ளித் திரும்பியது. தலையிலிருந்து கால்வரை அவள் நனைந்தாள்.

இரைச்சல் நின்றது. கொல்லை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

"கலை." அவன் கிசுகிசுத்தான். "அசையாத. தலைய ஆட்டாத. மூச்சுக்கூட மெதுவா விடு."

அவன் முகத்தில் எதைப் பார்த்தாளோ, ஏன் என்று கேட்கவில்லை. நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் கழுத்தில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. தோள் குலுங்கப் பார்த்தது, அடக்கினாள். ராசாத்தி, அப்படியே நில். அப்படியே நில்.

அவள் நின்றாள். இம்மிகூட அசையவில்லை.

ஒட்டியிருந்த ஈரச் சேலைக்கு அடியில், அவளுடைய வயிறு, இடமும் வலமுமாக ஒரு முறை நன்றாகச் சிலுப்பியது.

கை உயர்ந்தது.