மூலைக் குழியில் சாமை

காலையிலிருந்து நான்கு சைட். நான்கிலும், "எல்லாம் பக்காவா இருக்குது மேடம்" என்று சொல்லிவைத்தாற்போல் ஒரே பொய். போதாக்குறைக்கு ஒடுகத்தூர் பஸ்ஸும் பாதி மலையில் டயர் பஞ்சராகி நின்று, மழையும் பிடித்துக்கொண்டால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? சைட் இன்ஜினீயர் புவனா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டோரத்தில் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டின் தார்ப்பாய்க்கு அடியில் ஓடினாள்.

இன்டர்லாக் கல் சுவர். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் கல்லை அடுக்கி, அதன் குழிகளில் கம்பி விட்டு ஜல்லிக் கலவை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. யாரோ நேர்த்தியாகத்தான் அடுக்கியிருந்தார்கள். அசதியில் சாய்ந்தவளின் கை சும்மா இருக்கவில்லை, தட்டிவிட்டது. எங்கே தட்டினாலும் கனமாகக் கேட்ட சுவர், மூலையில் மட்டும் காலி டப்பாபோல ஒலித்தது.

"இன்னாங்க... யாரு வூட்டுச் சொவத்தத் தட்டறீங்க?"

திரும்பினாள். நனைந்த தலையும் கையில் கொத்துக் கரணையுமாக ஒருவன். மழையை மறக்கவைக்கிற கண்கள்தான்... ஆனால் கோபமாக இருந்தன.

"யாரு கட்டினது?"

"நான்தான், ஜீவானந்தம். வூடும் என்னுதுதான்."

"இந்த மூலையில கலவை எறங்கல. உள்ள காலி."

"ரெண்டு மாசமா ஒத்த ஆளா கட்டறேன். மலைக்காரனுக்கு வூடு கட்டத் தெரியாதுன்றீங்களா?"

"நான் மலையப் பத்திப் பேசல, மூலையப் பத்திப் பேசறேன். இதும்மேல தளம் போட்டா ஒருநாள் உங்க தலையிலதான் வுழும்."

அவன் மூலையைப் பார்த்தான். முகம் மாறியது.

"சாமை..." என்று முனகினான். "எங்க வூட்டு வழக்கங்க. மூலைக் குழியில சாமையத் துணியில முடிஞ்சி வெப்போம். கலவை பட்டு நனையக் கூடாதுன்னு மேல சாக்க அடைச்சேன்..."

புவனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "சாமையக் காப்பாத்திட்டு வூட்டக் கோட்ட விட்டீங்களே!"

அவன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழம தளம். ஆளு சொல்லியாச்சு. பிரிக்க முடியாதுங்க."

டயர் மாற்றி முடித்த பஸ் ஹாரன் அடித்தது. எல்லோரும் இப்படித்தான்... நமக்கென்ன? ஏறி உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கண்கள் ஒடுகத்தூர் வரை டிக்கெட் வாங்காமல் கூடவே வந்தன.

அடுத்த வாரம் அதே பஸ். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள், பார்த்துவிட்டாள். தளம் போடவில்லை. மூலை அடிவரை பிரிந்து கிடந்தது. ரோட்டோரத்தில் அவன் எழுந்து நின்றான். அவள் இறங்கிக்கொள்ள, பஸ் போய்விட்டது.

"பிரிச்சிட்டீங்களா?"

"அன்னிக்கே. நீங்க போனதும் நானும் தட்டிப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. தளத்து ஆளுங்களையும் வரவேணாம்னுட்டேன்."

"அப்ப ஏன் இன்னும் அடைக்கல?"

"தட்டிப் பாக்க ஆளு வேணுமில்ல... ஒரு வாரமா ஒவ்வொரு பஸ்ஸா பாத்துனு இருக்கேன்."

மூன்று வருட வேலையில் அவள் சொல்லைக் கேட்டுச் சுவரைப் பிரித்தவன் இவன் ஒருவன்தான். கண் கரித்தது. வெறும் களைப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"சாமை எங்க? குழியில வேணாம். மூலையோரமா மண்ணுல பொதச்சிடுங்க."

மஞ்சள் துணி முடிச்சை எடுத்தவன், தயங்கினான்.

"வூட்டுக்கு வரப்போற பொண்ணுதான் இத வெக்கணும். போன தடவ ஆளில்லாம நானே வெச்சேன்... அதான் தப்பாப் போச்சு போல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்குதுங்க."

"எங்கப்பா லேசுல ஒத்துக்க மாட்டாரு."

"நானும் லேசுல வுட மாட்டேன்."

"எனக்கு ரொம்ப அசதியா இருக்குது ஜீவா... பொய் சொல்லாத ஒரு எடத்துல உக்காந்தாப் போதும்னு இருக்குது." கையை நீட்டினாள். "குடுங்க. நானே வெக்கறேன்."

மண்ணைத் தள்ளி மூடியவள் நிமிராமலே சொன்னாள்.

"கலவைய நல்லா குத்தி எறக்குங்க. நான் தட்டிப் பாப்பேன்... வருஷா வருஷம்."