குமுதவல்லியின் செருகுநிரல்

நிலவின் பிறைநகரில் மாதம் ஒருநாள் வீடுகளுக்கு முழுக்கு. அன்று காலை குடித்தனக்காரர்கள் நாற்காலியும் தேநீர்க் குடுவையுமாக நடைகூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே வீட்டின் மூளை பழைய நிரல்களைக் களைந்து புதியவற்றை ஏற்றிக்கொள்ளும். முடிந்ததும் கதவு தானே திறந்து உள்ளே அழைக்கும்.

ஒரே சிக்கல், குடித்தனக்காரர்கள் சொந்தமாக எழுதிச் சேர்த்த செருகுநிரல்களையும் முழுக்கு கழுவிக்கொண்டு போய்விடும்.

சிவநேசன் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அவர் மனைவி குமுதவல்லி எழுதியது. எந்த ஒப்பந்தம் வந்தாலும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துவது அவர் வழக்கம். அழுத்தியவுடன் வீடு அவள் குரலில் கேட்கும்: "படிச்சுப் பாத்தீங்களா, இல்ல சும்மா தலையாட்டினீங்களா?"

ஒவ்வொரு முழுக்குக்குப் பிறகும் அவளே அதைத் திரும்பப் பொருத்துவாள். இது அவள் இல்லாத முதல் முழுக்கு.

பக்கத்து வீட்டு ரஹ்மத் நிரல் பழுதுபார்ப்பவள். வந்து பார்த்தாள்.

"அத்தை இதை சிஸ்டம் அடுக்குலயே வச்சிருக்காங்க மாமா. அதான் ஒவ்வொரு தடவையும் அழிஞ்சு போகுது. நான் வெளியில தனி அடுக்குல வச்சுட்டேன். முழுக்கு முடிஞ்சதும் வீடு அங்கேருந்து எடுத்துக்கும்."

"போயிடாதேம்மா?"

"போச்சுன்னா தினமும் நானே வந்து திட்டறேன், போதுமா?"

சிவநேசன் முழுக்குக்குச் சம்மதம் அழுத்தினார். செருகுநிரல் வெளியே இருந்ததால் வீடு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் அவருக்குப் பிடிக்கவில்லை. நடைகூடத்தில் தேநீரைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. சுவரில் புது ஒப்பந்தம் ஒன்று காத்திருந்தது. அழுத்தினார்.

"படிச்சுப் பாத்தீங்களா, இல்ல சும்மா தலையாட்டினீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் முடிப்பதற்குள் சமையலறைப் பக்கமிருந்து அவளே மறுபடி கேட்டாள்: "படிச்சுப் பாத்தீங்களா..."

ரஹ்மத் ஓடிவந்தாள். "மாமா, எங்க வீட்லயும் அத்தை திட்டறாங்க! ஊர் பூரா திட்டறாங்க!"

காலையில் அவர் சம்மதித்த முழுக்கு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். வீட்டில் எழுதிய நல்ல செருகுநிரல்களை, எந்த அடுக்கில் இருந்தாலும், எல்லா வீடுகளுக்கும் பொதுவாக்கலாம் என்று நடுவில் ஒரு வரி இருந்தது.

"உங்க வீட்ல பொதுவானது ஒண்ணு, நான் பத்திரப்படுத்தினது ஒண்ணு. அதான் ரெண்டு தடவை. ஒண்ணை எடுத்துடவா?"

வெளியே கதவுக்குக் கதவு குமுதவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். படித்ததாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"வேணாம்மா. ஒரு தடவை சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

"அப்ப ரெண்டும் இருக்கறதுக்கு ஒரு சம்மதம் குடுங்க," என்று சிரித்தாள் ரஹ்மத்.

சுவரில் நீளமான ஒப்பந்தம் ஒன்று விரிந்தது. சிவநேசன் ஒரு வரிகூடப் பார்க்காமல் அழுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.