பனியில் விழுந்த வேட்டைக்காரன்

"அவன் செத்துடுவான் மேடம்..."

எழிலரசி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தம். சாய்வாக அடித்த மாலை மழை, நிழற்குடைக்குள் நின்றவர்களையும் பாதி நனைத்திருந்தது. பக்கத்தில் நின்றவன் அவள் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலச் சீருடை. சட்டைப் பைக்கு மேல் 'மதுரைவீரன்' என்று பெயர் தைத்திருந்தது. இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி... விழுவேனா என்று நின்றது.

"யாரு செத்துருவா?"

"அந்த வேட்டைக்காரன்தான். கடசீல பூடுவான்."

சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. சாத்தூரிலிருந்து வந்து முகப்பேர் ஃபிளாட்டில் தங்கி, நாள் முழுக்க கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள். பூந்தமல்லி பழைய புத்தகக் கடையில் தமிழாக்கமாகக் கிடைத்த அந்த அமெரிக்க நாவல்தான் இப்போதைக்கு அவளுடைய ஆறுதல். இருநூறு வருஷத்துக்கு முன்னால், மலை தாண்டி நிலம் தேடிப் போகும் ஒரு குடும்பம். வழிகாட்ட வரும் வேட்டைக்காரன். அவனிடம் ஒரு வார்த்தை பேசவே தயங்கும் அந்த வீட்டுப் பெண்... பாதிதான் படித்திருந்தாள்.

"ஏங்க, முடிவைச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"சாரி மேடம்... அட்டையப் பாத்ததும் வாய் சும்மா இருக்கல."

பஸ் வந்தது. கோபமாக ஏறியவள், ஜன்னல் வழியே திரும்பி ஏன் பார்த்தாள்? அவளுக்கே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நாவலை முடித்தாள். வேட்டைக்காரன் சாகவே இல்லை! அப்புறம் ஏன் அப்படிச் சொன்னான்? வம்புக்கா? விளையாட்டுக்கா? அதைவிடப் பெரிய குழப்பம்... திங்கட்கிழமை எப்போது வரும் என்று மனசு ஏன் இப்படிப் பறக்கிறது?

"சாவலியா? மெய்யாலுமா?" திங்கள் மாலை, அதே நிறுத்தத்தில் அவன் கண்கள் அகல விரிந்தன. கரிய, பெரிய கண்கள்... "ஒம்போதாவது படிக்கசொல்ல சித்தப்பா காயலாங்கடையிலேந்து இந்த புக்க எட்த்தாந்தாரு. நெலத்தப் புடுங்க வந்த கும்பல் சுட்டதுல பனியில உயுந்து கெடப்பான். அதுக்கு மேல பக்கம்லாம் கிழிஞ்சி பூட்ச்சி. செத்துட்டான்னே நெனச்சிகினேன்... இத்தினி வருசமா!"

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. "புத்தகத்தத் தர்றேன், படிச்சுக்கோங்க."

"வேணாம் மேடம். நீங்க சொல்லுங்க... மொத்தமா இல்ல. தெனம் கொஞ்சம்."

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காது மடல் ஏன் சூடானது?

தினம் கொஞ்சம் சொன்னாள். அந்தப் பெண் வேட்டைக்காரனைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்ததை, தீ மூட்டிக் காப்பாற்றியதை... அவன் மூச்சுவிடாமல் கேட்பான். பஸ்கள் வந்தன, போயின.

ஒரு நாள் ஸ்கூட்டர் ஒன்று அவர்கள் முன் நின்றது. அவளோடு வேலை பார்க்கும் பானுப்பிரியா.

"ஏறுடி, போலாம்." மதுரைவீரனின் கிரீஸ் படிந்த சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "யாருடி இது?"

"யாருமில்லடி... சும்மா."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பட்டென்று அணைந்திருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தச் சட்டைக்காகவா? நான் அப்படிப்பட்டவளா...? சரி, அவன் மட்டும் ஏன் இப்படி முறுக்கிக்கொள்ள வேண்டும்? நான் ஏன் தேடிப் போக வேண்டும்? ஒரு வாரம் இப்படியே தனக்குள் வாதாடினாள்.

பிறகு, தூறலில் நனைந்துகொண்டே, பக்கத்துத் தொழிற்பேட்டையில், அவன் வேலை செய்வதாக எப்போதோ சொல்லியிருந்த லேத் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

பழந்துணியில் கையைத் துடைத்தபடி வந்தான். "இன்னா மேடம், இந்தாண்ட?"

"மிச்சக் கதை கேக்க வேணாமா?"

"வேணாம். செத்துட்டான்னே வெச்சிக்கிறேன்."

"கதை எப்பவோ முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம்... நானே கட்டினது."

"தெரியும்." அவன் முகம் லேசாக இளகியது. "பனி ஆத்துல மொதல வந்திச்சே... அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றாள். "பானு என்ன நினைப்பாளோ... ஊர்ல அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னாகுமோன்னு பயம். இப்பவும் பயம்தான். ஆனா நீங்க வராத இந்த வாரம் இருக்கே... அது அந்தப் பயத்த விட மோசம். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. என்ன செய்யணும்னு தெரியல. பிடிச்சிருக்குங்கறது மட்டும் தெரியுது."

அவன் துணியைக் கசக்கினான், பிரித்தான், மறுபடி கசக்கினான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். எனக்கு பஸ்ஸே தேவையில்ல. எங்க ஊடு இதோ... இந்தப் பட்டற பின்னாலதான் கீது."

"அப்ப தினமும் பஸ் ஸ்டாப்புல...?"

"மொத நாளு மழைக்கு ஒதுங்கினேன்." அந்தக் கரிய கண்கள் முதல்முறையாக நேராக அவளைப் பார்த்தன. "அதுக்கப்பறம் வந்தது எல்லாம்... உனக்காவ எழிலு."