புஸ்பம் கூட்டி வந்த குரல்

தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி, தேற்றாத்தீவுச் சந்தியில் நிதுர்ஷன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. இயக்கம் சண்டைக்கென்று அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது மீசை கூட முளைக்கவில்லை. இப்போது முகம் நிறையத் தாடி, குரலும் கரகரத்துப் போயிருந்தது. மணல் ஒழுங்கையில் எதிரே வந்த யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த சின்னக் கல்வீடு அப்படியேதான் நின்றது. வாசலுக்கு மேலே இருந்த மரச்சிலுவையை மட்டும் காணவில்லை. அது இருந்த இடம் சுவரில் வெளிறிக் கிடந்தது.

வேப்பமரத்தடியில் இருந்த அப்பா அழகரத்தினம் அவனைக் கண்டதும் எழும்பி வந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார். கண்ணீர் வடிந்தது. வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

"மெதுவாக் கதை மகன். அதுக்குக் கேட்டிரும்."

"எதுக்கு?"

அவர் அவனை வேலியோரம் இழுத்துப் போய்ச் சொன்னார். தங்கச்சி நிருஷாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோன நாளில் அம்மாவின் சிரிப்பு நின்றது, அவனும் போன பிறகு பேச்சும் நின்றுபோனது. யுத்தம் முடிந்தும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா புஸ்பம் உபவாசம் இருந்தாள், முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். பொறுத்திருக்கச் சொன்னார் பங்குச் சுவாமியார். பொறுக்க முடியவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுக்கு அங்கால், செத்தவர்களைக் கூப்பிட்டுக் கதைக்க வைக்கும் ஒருத்தி இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

"செத்த ஆக்களிட்டக் கேக்கிறது நமக்கு விலக்கின காரியம், போகாத எண்டன். கேக்கல்ல. அங்க அது உன்ட குரல்லயே அழுதிச்சாம். அம்மா, நான் செத்துப்போனன், குளிருது, என்ன வீட்ட கூட்டிட்டுப் போங்க எண்டு. இவள் வா மகனே எண்டிட்டாள்."

"நான் உயிரோட இரிக்கன் எண்டு ஒருத்தரும் சொல்லல்லயா?"

"முகாமில இருந்து வந்த ஒரு பொடியன் சொன்னான். அது இல்லையெண்டிச்சு. இவள் அதைத்தான் நம்பினாள்."

பிறகு அது ஒவ்வொன்றாகக் கேட்டது. சிலுவையைக் கழற்றுங்க, கண் கூசுது. செபமாலை சொல்லாதீங்க, தலை இடிக்குது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதீங்க, எனக்குத் தனிய இருக்கப் பயம்.

"அவள் சிரிச்சாள் மகன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு சிரிச்சாள். அதால நானும் வாயைப் பொத்திட்டன்."

நிதுர்ஷன் உள்ளே போனான்.

சீமெந்துத் தரை சில்லென்றிருந்தது. வாவிச் சேற்றின் அழுகல் மணம் மூக்கில் ஏறியது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால், பாயில் ஒரு கோப்பைச் சோற்றுடன் அம்மா இருந்தாள். எலும்பும் தோலுமாய் மெலிந்திருந்தாள். ஆனால் தலை வாரி, முகம் மலர்ந்திருந்தாள்.

"அம்மா."

புஸ்பம் நிமிர்ந்தாள். வழி கேட்டு வந்த அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆர் தம்பி நீங்க?"

"நான்தான் அம்மா. நிதுர்ஷன்."

"என்ட புள்ள செத்துட்டான் தம்பி. உள்ளுக்க இரிக்கான்."

"ஆரம்மா வந்திரிக்கிற?"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவனுடைய குரல். உடையாத, பள்ளிக்கூட வயதுக் குரல்.

அவன் காற்சட்டையை மடித்து முழங்கால் தழும்பைக் காட்டினான். எப்படி வந்ததென்று அவன் சொல்ல வாயெடுக்கும் முன்பே அந்தக் குரல் சொல்லத் தொடங்கியது. தென்னங்கட்டையில் தடக்கி விழுந்தது, அப்பா தோளில் தூக்கி ஓடியது, அம்மா இரவு முழுக்க விசிறியது. ஒன்றும் பிசகவில்லை.

நிதுர்ஷன் கண்ணை மூடினான்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..."

குரலும் சேர்ந்து சொன்னது. ஒரு சொல் விடாமல், அவனைவிட உருக்கமாக. 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று வரும் இடத்தில் மட்டும் அது நின்றது.

அவனுக்கும் அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"பாத்தீங்களா, என்ட புள்ள செபத்த மறக்கல்ல," என்றாள் அம்மா பெருமையோடு.

கதவுக்குப் பின்னால் ஏதோ தரையில் உரசி அருகே வந்தது. குரல் தாழ்ந்தது. இப்போது அவனிடம் மட்டும் பேசியது.

"நீ விட்டிட்டு ஓடி வந்த லக்ஷனும் இஞ்சதான் இரிக்கான். கதைக்கிறியா?"

யுத்தத்தின் கடைசி நாள்களில், பதுங்குகுழிக்குள் கால் சிதைந்து கிடந்த சிநேகிதன் லக்ஷன். தண்ணீர் கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், திரும்பிப் போகவில்லை. அதை அவன் ஒரு மனிதருக்கும் சொன்னதில்லை.

"மகன், வெளியில வா," என்று வாசலில் அப்பா கெஞ்சினார். "கோயிலடிக்குப் போவம். வா."

உயிரோடு நிற்கிற அவனையே செத்தவன் என்று சொன்ன குரல் அது. அது பொய் சொல்லும் என்பதற்கு அவனைவிட வேறு சாட்சி தேவையில்லை. லக்ஷனும் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கலாம். எல்லாம் அவனுக்கு விளங்கியது.

இருந்தும் பாயைத் தாண்டி நடந்தான். கதவில் நெற்றியை வைத்தான்.

"லக்ஷன்... நீயாடா?"



"ஓம்டா," என்றது வேறொரு குரல், வறண்டுபோய். "தண்ணி கொண்டு வந்தியா?"

நிதுர்ஷன் கதவோடு சரிந்து உட்கார்ந்தான். அவன் வந்ததிலிருந்து முதன்முறையாக அம்மா அவன் தலையைத் தடவினாள். அவள் கை ஈரமாக, பிணம்போலக் குளிர்ந்திருந்தது.

"மகன்," என்று அப்பா மறுபடியும் கூப்பிட்டார். "வாறியா, இல்லையா?"

பதில் சொல்ல நிதுர்ஷன் வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. தொண்டையில் சத்தமே இல்லை.

பதில் உள்ளறையிலிருந்து வந்தது. இந்த முறை சிறுவனின் குரல் இல்லை. சற்று முன்வரை அவன் தொண்டையில் இருந்த அதே கரகரத்த குரல்.

"நான் வரல்ல அப்பா. நீங்க உள்ளுக்க வாங்க."