கட்டுக்குக் கீழே பார்!

செல்போன் அலறிய அலறலில் சிதம்பரம் லேடீஸ் ஹாஸ்டல் பூனைகள் மொத்தமும் மதில் தாண்டி ஓடின!

மூன்றாம் வருட மருத்துவ மாணவி இசைவாணி எடுத்தாள். அழைத்தது அவளுடைய ஆராய்ச்சி கைடு, டாக்டர் அருள்முருகன்.

"இசை... மாலதி போயிட்டாம்மா... பாம்பு கடிச்சிடுச்சு..."



மாலதி... கைடின் மனைவி. 'மொதல்ல சாப்புடு, அப்புறம் அவர்கிட்ட திட்டு வாங்கு' என்று இட்லித் தட்டோடு வாசலுக்கே வரும் அக்கா! நேற்றுதான் போனில், 'நாளைக்கு வீட்டுக்கு வாடி, உன் ப்ராஜெக்ட் பத்தி ஒண்ணு சொல்லணும்' என்றாள்.

நாளை வந்துவிட்டது. அக்கா இல்லை.

கடலூர் பஸ் டிரைவர் எமனோடு பந்தயம் கட்டி ஓட்டினார். அப்படியும் இசைவாணிக்கு பஸ் நகராததுபோல் இருந்தது.

மஞ்சக்குப்பம் வீடு.

கூடத்தில் வெள்ளைத் துணி மூடிய மாலதி. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் செம்பியன். அவர் மீசையில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு காக்கை உட்காரலாம்!

"நீதான் பாம்புக்கடி ஆராய்ச்சி பண்ற பொண்ணா?"

"ஆமா சார்..."

அருள்முருகன் கண்ணைத் துடைத்தார். "இந்தப் பொண்ணு, கரும்புக் கொல்லைல கடி வாங்கி வர்ற அத்தன பேரையும் வார்டுல பாத்தவ சார். நீயே சொல்லும்மா. காலைல தோட்டத்துல கடிச்சிருக்கு. மாலதியே துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டா. அரை மணி நேரம் துடிச்சா... நம்ம ப்ராஜெக்ட்ல இவளையும் ஒரு கேஸா சேத்துக்கோம்மா. போஸ்ட்மார்ட்டம் மட்டும் வேணாம் சார், அறுக்காதீங்க!"



நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டும் வீட்டுப் பெண் இசைவாணி. மற்ற பேராசிரியர்கள் ஏற இறங்கப் பார்த்து அனுப்பியபோது, 'வா, நான் கைடு பண்றேன்' என்ற ஒரே மனிதர் இவர். இவர் கையெழுத்து இல்லையென்றால் அத்தனை உழைப்பும் குப்பைக்கு!

'ஆமா சார், பாம்புதான்' என்றால் முடிந்தது.

துணியை விலக்கினாள்.

கணுக்காலில் இரண்டு புள்ளிகள். முழங்காலுக்குக் கீழே இறுகிய துண்டு.

கட்டா...?

'பாம்பு கடிச்சா கட்டாதீங்கன்னு கத்துறேன்க்கா, எல்லாரும் கட்டிக்கிட்டேதான் வர்றாங்க' என்று இவள் புலம்பியபோது, 'என்னைக் கடிச்சா கட்டவே மாட்டேன்டி!' என்று சிரித்தவளா கட்டிக்கொண்டாள்?

கட்டுக்குக் கீழே விரலால் அழுத்தினாள்.

"சார்..." குரல் உடைந்தது.

"என்னாம்மா?" என்றார் செம்பியன்.

"உயிரோட இருக்கறவங்க கால இப்படி இறுக்குனா, கட்டுக்குக் கீழ ரத்தம் தேங்கும். வீங்கும், நீலமாயிடும். நான் பாத்த அத்தன காலும் அப்படித்தான். அக்கா கால்..."

"மெழுகு மாதிரி இருக்கே!"

"அக்கா செத்தப்புறம்தான் சார் கட்டியிருக்காங்க!"

சுவர்க் கடிகாரம்கூட மூச்சை அடக்கியது.

"உளறாத!" சீறினார் அருள்முருகன். "நான் உன் கைடு!"

"நீங்கதான சார் 'வார்டுக்குப் போ, கண்ணால பாரு, கையால தொடு'ன்னு சொன்னீங்க? நான் போனேன். நீங்க ஒரு நாள்கூட வரல. 'கட்டு உண்டு'ன்னு நான் கம்ப்யூட்டர்ல அடிச்சத மட்டும் படிச்சீங்க. அதான் கட்டு சரியா இருக்கு... கால் சரியா இல்ல."

செம்பியன் மீசையைத் தடவினார். "டாக்டரே... அறுத்தே பாத்துடலாமா?"

அருள்முருகன் சோபாவில் சரிந்தார்.

"தலகாணி... தூங்கிட்டிருந்தா... அப்புறம் ஊசியால ரெண்டு புள்ளி குத்தி, துண்டக் கட்டுனேன்..."

"ஏன் சார்?" இசைவாணி முனகலாகக் கேட்டாள்.

"உன் ஆராய்ச்சிய என் பேருல மட்டும் ஜர்னலுக்கு அனுப்பிட்டேன். மாலதி கண்டுபுடிச்சிட்டா. 'அந்தப் புள்ள பேரையும் போடு, இல்லன்னா நாளைக்கே அவகிட்ட சொல்லிடுவேன்'னா. காலேஜுக்குத் தெரிஞ்சா என் வேலை..."

அக்கா சொல்ல நினைத்த அந்த ஒன்று!

இசைவாணி மண்டியிட்டு அந்த முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"தொடாதம்மா, அது சாட்சி."

"அக்காவுக்கு வலிக்கும் சார்..."

செம்பியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மீசையே நனைந்தது!

அருள்முருகனை ஏற்றி ஜீப் கதவு சாத்தப்பட்டதும் செம்பியன் தொண்டையைச் செருமினார்.

"அழாதம்மா. சார்ஜ்ஷீட்ல மொத சாட்சியா உன் பேருதான். குற்றவாளி எடத்துல டாக்டர் பேரு... அவரு ஆசப்பட்ட மாதிரியே, கூட வேற யாரு பேரும் இல்லாம!"