படத்துக்கு ஒரு வாய்

தட்டு காலியாக இருந்தது. கல்யாணப் படத்துக்கு முன்னால் ஹரீஷ் வைத்த தயிர்சாத உருண்டையில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

லலிதா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஸ்டீராய்டு மாத்திரை தரும் பசி அப்படி. சிறுநீரகத்தைக் காப்பாற்ற இரண்டு வருடமாக விழுங்குகிறாள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. கன்னத்தில் பூனைமுடி, பிடரியில் திமில், தொட்டாலே கன்றிப்போகும் தோல். எதிர்வீட்டு வைஷாலியோ, புனே தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று பாராட்டுகிறாள். அவளை என்ன சொல்ல?

உடம்பு போனதுகூடப் பெரிதில்லை. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து திரும்பியவளை மூன்று வயது மீனு இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை. அவளில்லாதபோது ஹரீஷ் அந்தப் படத்தைக் காட்டி, அம்மாவுக்கு ஒரு வாய், மீனுவுக்கு ஒரு வாய் என்று ஊட்டிப் பழக்கியிருந்தான். படத்தில் ஒல்லியாக, நீளப் பின்னலோடு நிற்பவள்தான் மீனுவுக்கு அம்மா. இவள் யாரோ ஆன்ட்டி. லலிதா வீடு திரும்பிய பிறகும் படத்துக்கு உருண்டை வைப்பது நிற்கவில்லை.

"உசிரோட இருக்கறவளுக்குப் படைப்பாங்களா, ஹரீஷ்?"

"படையலா இது? கொழந்தைய சாப்பிட வைக்க ஒரு சாக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

ஜூலை மழை பிடித்துக்கொண்டது. மகர்பட்டா அடுக்குமாடியில் ஜன்னல்களையெல்லாம் சாத்திய வீட்டில், ஈரத்துணி வாடைக்கும் குக்கர் ஆவிக்கும் நடுவே மல்லிகை மணம் ஒன்று அறை அறையாக நகர்வதையும், அதன் பின்னாலேயே மெட்டி தரையில் உரசும் ஓசை சமையலறை வரை போய் நிற்பதையும் லலிதா படுத்தபடியே கவனித்தாள். அவள் மெட்டி பீரோவில் இருந்தது. வீங்கிய விரலில் அது ஏறுவதில்லை.

மாத்திரை மனதையும் குழப்பலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் தட்டுக்கு எதிரிலேயே அசையாமல் உட்கார்ந்தாள்.

உருண்டை சிறுத்தது. ஓரத்தில் பல் பதிந்தது. நடுவில் சின்ன இடைவெளி. லலிதா தன் முன்பற்களை நாக்கால் தடவினாள். அதே இடைவெளி.

சாயங்காலம் மாத்திரை தீர்ந்துவிட்டது. கீழே மருந்துக்கடைக்குப் போய் வந்து மணியடித்தாள். கதவைத் திறந்த ஹரீஷ் வழிவிடவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று, வெளியாரிடம் பேசும் மரியாதையான இந்தியில் கேட்டான்.

"நான்தான், ஹரீஷ்."

அவன் முகம் மலர்ந்தது. "அட, தமிழா நீங்க? எந்த பில்டிங்ல இருக்கீங்க?"

அவன் தோளுக்கு அப்பால் சாப்பாட்டு மேஜை. யாருடைய மடியிலோ மீனு. மெலிந்த கை ஒன்று கவளத்தை நீட்டியது.

"அம்மா," என்றாள் மீனு, வாய் நிறைய.

மடியில் வைத்திருந்தவள் திரும்பவில்லை. நீளப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.